98 ஆயிற்று, நீங்கள் வீட்டுக்குப் போகலாம்

ரோமாபுரிக் குடியரசில் கான்சல் என்ற தலைமைப் பதவிக்கான தேர்தலுக்குக் கள்ள ஓட்டு தேவைப்படவில்லை. நல்ல ஓட்டையே அப்படி அடுக்கி வைத்திருந்தார்கள்.

கான்சல்களைத் தேர்ந்தெடுக்கும் சபையில் மொத்தம் 193 பிரிவுகள். செஞ்சுரி என்று பெயர். பிரிவுக்கு ஒரு ஓட்டு. யார் எந்தப் பிரிவு என்பதைச் சொத்துக் கணக்கு தீர்மானிக்கும். குதிரை வைத்திருக்கும் பெருந்தனக்காரர்களுக்கு 18 பிரிவு. அவர்களுக்கு அடுத்த முதல் வகுப்புக்கு 80. கூட்டிப் பாருங்கள், 98. மிச்சமுள்ள ஊருக்கு, உழவன், தச்சன், கொம்பு ஊதுகிறவன், சில்லறை வியாபாரி எல்லோருக்கும் சேர்த்து 95. அதிலும் சொத்தே இல்லாத ஜனத்துக்கு, எத்தனை ஆயிரம் தலை இருந்தாலும் சரி, ஒரே ஒரு பிரிவு. வரிசையில் கடைசி.

ஓட்டு மேலிருந்து கீழே போகும். பாதிக்கு மேல், அதாவது 97 சேர்ந்ததும் எண்ணிக்கை நின்றுவிடும். மேல்தட்டு ஒரு முடிவில் இருந்தால் அதோடு தேர்தல் முடிந்தது. மார்ஸ் திடலில் விடிந்ததிலிருந்து காத்து நின்ற கூலிக்காரன் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அவனுக்கு ஓட்டுரிமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறது. கேட்பதற்கு ஆள்தான் இல்லை. பிற்பாடு முதல் வகுப்பின் 80ஐ 70 ஆகக் குறைத்தார்கள். இதற்குப் பெயர் சீர்திருத்தம்.

வக்கீலும் அரசியல்வாதியுமான சிசரோ இதை மூடி மறைக்கவில்லை. பெருந்தொகையான மக்களிடம் பெரும்பலம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே முன்னோர் இப்படி வகுத்தார்கள் என்று தமது அரசியல் நூலில் மெச்சி எழுதுகிறார். கீழே உள்ள ஒரு பிரிவில் மட்டும் இருந்த தலைகள், முதல் வகுப்பு முழுவதையும் சேர்த்தால் வரும் தலைகளைவிட அநேகமாக அதிகம் என்பதும் அவர் கொடுக்கும் கணக்குத்தான். மனிதர் வெட்கப்பட்டு எழுதவில்லை. பெருமைப்பட்டு எழுதுகிறார்.

நான் ரோமைப் பற்றித்தான் பேசுகிறேன். உங்களுக்கு வேறு ஏதாவது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

இப்படிப்பட்ட குடியரசில் ஏழை ஒருமுறை கோபித்துக்கொண்டான். மரபுக் கணக்குப்படி கி.மு. 494. சண்டைக்குப் போய்த் திரும்பினால் வீட்டில் கடன்காரன் உட்கார்ந்திருக்கிறான். கடன் என்றால் சும்மா இல்லை. சில பத்தாண்டு கழித்துப் பலகையில் பொறித்த பன்னிரு பலகைச் சட்டத்தைப் பாருங்கள். 30 நாள் தவணை. பிறகு சங்கிலி. 60 நாள் காவல். அப்புறம் டைபர் ஆற்றுக்கு அக்கரையில் விற்றுவிடலாம். கடன் கொடுத்தவர்கள் பலர் என்றால் உடலை வெட்டிப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒருவர் பங்கு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குற்றமில்லை என்று தாராள மனதோடு எழுதியிருக்கிறார்கள். பங்காளிகளுக்குள் மனக்கசப்பு வரக் கூடாது பாருங்கள்.

ஆகவே பிளீபியர்கள், சாமானிய ஜனம், ஊரைக் காலி செய்துவிட்டுக் குன்றில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். செனட் என்ற மேல்தட்டுச் சபை பதறியது. வரி போய்விடுமே என்றல்ல. சண்டை போட ஆள் இல்லையே என்று. மெனேனியஸ் அக்ரிப்பா என்ற கனவானைத் தூது அனுப்பினார்கள். அவர் போய் ஒரு கதை சொன்னார். கை, கால், வாய் எல்லாம் வயிற்றின் மேல் பொறாமைப்பட்டு வேலைநிறுத்தம் செய்தனவாம். வயிறு வாடியதும் அவையும் வாடினவாம். ஆகவே செனட் என்கிற வயிற்றுக்கு உழைத்துப் போடுவது உங்கள் நன்மைக்கே.

கடன் தள்ளுபடி கேட்டவனுக்குக் கதை கொடுத்து அனுப்பினார்கள். கூடவே ட்ரிப்யூன் என்ற ஒரு காவலர் பதவியையும் கொடுத்தார்கள். அவர் மேல் கை வைத்தவன் சாபத்துக்கு ஆளாவான் என்று சத்தியமும் செய்தார்கள். சத்தியம் எவ்வளவு காலம் நின்றது என்பதற்குப் பிறகு வருகிறேன். கதை சொன்ன மெனேனியஸ் அடுத்த ஆண்டு இறந்தபோது அடக்கத்துக்குக் காசில்லை. வயிறு கொடுக்கவில்லை. கையும் காலும்தான் தலைக்குக் கொஞ்சம் செப்புக் காசு போட்டுத் தூக்கிப்போயின. வரலாற்றாசிரியர் லிவி எழுதி வைத்திருக்கிறார்.

சட்டம் போடுவதில் ரோமானியர்களை மிஞ்ச ஆள் இல்லை. அதை மீறுவதிலும் சட்டம் போட்டவனை மிஞ்ச ஆள் இல்லை. கி.மு. 367இல் லிசினியஸ் ஸ்டோலோ என்ற ட்ரிப்யூன் கொண்டுவந்த சட்டத்தின்படி பொது நிலத்தில் ஒருவன் 500 யூகேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நம் கணக்கில் 300 ஏக்கருக்குச் சற்று மேல். ஏழைக்கு நிலம் மிஞ்ச வேண்டும் என்பது நோக்கம். பத்தே ஆண்டில் அந்தச் சட்டப்படி ஒருவருக்கு 10,000 செப்புக் காசு அபராதம் விழுந்தது. மகனுக்குச் சட்டப்படி தனி ஆள் என்று விடுதலை எழுதிக்கொடுத்து, இருவருமாக 1,000 யூகேரத்தை வளைத்திருந்தார் அந்த மனிதர். பெயர் லிசினியஸ் ஸ்டோலோ. பினாமி என்பது நேற்று வந்த வித்தை என்று நினைத்திருந்தீர்களா?

கி.மு. 218இல் இன்னொரு சட்டம். செனட்டர் என்பவர் கனவான். வியாபாரம் அவர் கௌரவத்துக்கு இழுக்கு. ஆகவே 300 ஜாடிக்கு மேல் கொள்ளும் கப்பல் வைத்திருக்கக் கூடாது. செனட்டர் கேட்டோவுக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. ஒழுக்கத்தின் மொத்தக் குத்தகைதாரர் அவர். திருடனுக்கு இரண்டு மடங்கு, வட்டிக்காரனுக்கு நான்கு மடங்கு அபராதம் விதித்த முன்னோரைத் தமது விவசாய நூலின் முதல் பக்கத்திலேயே புகழ்ந்தவர். அவரே கப்பல் வியாபாரிகளுக்கு வட்டிக்குக் கொடுத்தார். கடன் கேட்பவர்கள் 50 பேர் கூட்டுச் சேர வேண்டும், 50 கப்பல் சேர வேண்டும், அதில் ஒரு பங்கு தமக்கு. பங்கு யார் பேரில்? குவின்டியோ என்ற, அவர் விடுதலை செய்த அடிமையின் பேரில். அதே விவசாய நூலில் பண்ணையாருக்கு அவர் சொல்லும் யோசனையையும் கேளுங்கள்: கிழட்டு மாட்டை விற்றுவிடு, பழைய வண்டியை விற்றுவிடு, கிழட்டு அடிமையை விற்றுவிடு, நோயாளி அடிமையை விற்றுவிடு. வண்டிக்கும் மனிதனுக்கும் நடுவே ஒரு காற்புள்ளி. அதற்குமேல் வித்தியாசம் இல்லை.

கி.மு. 133. டைபீரியஸ் கிராக்கஸ் என்ற ட்ரிப்யூன் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டோலோ காலத்துச் சட்டம் தூசி படிந்து கிடக்கிறதே, அதை அமல்படுத்துங்கள், மிஞ்சிய நிலத்தை நிலமற்றவனுக்குக் கொடுங்கள் என்றார். அவ்வளவுதான். இருக்கிற சட்டத்தை அமல்படுத்து என்பதைவிடப் பயங்கரமான கோரிக்கையை எந்த அரசாங்கமும் இன்றுவரை கேட்டதில்லை. மறுபடியும் தேர்தலுக்கு நின்ற அன்று, ரோமின் தலைமைப் பூசாரி நாசிக்கா, அங்கியின் ஓரத்தைத் தலையில் போர்த்திக்கொண்டு முன்னே நடந்தார். செனட்டர்கள் பின்னே போனார்கள். பெஞ்சுகளை உடைத்து அதன் காலை உருவிக்கொண்டார்கள். கை வைத்தால் சாபம் என்று சத்தியம் செய்யப்பட்ட அந்த உடம்பைப் பெஞ்சுக் காலால் அடித்துக் கொன்றார்கள். கூட 300க்கு மேற்பட்டவர்கள். எல்லோரும் தடியாலும் கல்லாலும் செத்தார்கள், ஒருவர் மேலும் இரும்பு படவில்லை என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய புளூட்டார்க் குறிக்கிறார். பிணத்தைக் கொடுங்கள், இரவோடு இரவாகப் புதைத்துவிடுகிறேன் என்று தம்பி கெஞ்சினான். ஆற்றில் வீசினார்கள்.

அந்தத் தம்பி கயஸ். பன்னிரண்டு ஆண்டு கழித்து அவன் முறை. அவன் தலைக்கு எடைக்கு எடை தங்கம் என்று கான்சல் ஒபிமியஸ் அறிவித்தார். செப்டிமுலெயஸ் என்றொருவன் கொண்டுவந்தான். தராசில் வைத்தால் பதினேழரை ராத்தலுக்கு மேல் நின்றது. மூளையை எடுத்துவிட்டு ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தான். அரசாங்க டெண்டரில் எடை மோசடி! 3,000 பேர் செத்தார்கள். அவர்கள் மனைவிமார் துக்கம் அனுசரிக்கத் தடை. பிறகு ஒபிமியஸ் என்ன செய்தார் தெரியுமா? கோயில் கட்டினார். எந்தச் சாமிக்கு? ஒற்றுமை தேவதைக்கு. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இவர் இடித்துவிட்டுக் கோயிலும் கட்டியவர். பிற்காலத்தில் இதே ஒபிமியஸ், நுமிடிய மன்னன் யுகுர்த்தாவிடம் லஞ்சம் வாங்கினார் என்று தண்டனை பெற்றார்.

கயஸ் மலிவு விலைத் தானியத் திட்டம் கொண்டுவந்தபோது அதை மூச்சு முட்ட எதிர்த்தவர் பீசோ என்ற முன்னாள் கான்சல். கஜானா திவாலாகிவிடும், ஜனம் சோம்பேறியாகிவிடும், எல்லாம் சொன்னார். சட்டம் நிறைவேறியது. தானியம் அளக்கிற வரிசையில் ஒரு நாள் பீசோ நிற்கிறார். கயஸ் பார்த்துவிட்டு என்ன ஐயா இங்கே என்று கேட்க, என் சொத்தை நீ பங்கு போடுவதில் எனக்கு இஷ்டமில்லை, போட்டால் என் பங்கை விட மாட்டேன் என்கிற பாணியில் பதில் வந்தது. இதில் ஒரு நேர்மை இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். மற்றவர்கள் வரிசையில் நிற்கவில்லை. அவர்களுக்கு மாகாணங்கள் இருந்தன.

மாகாணம் என்றால் கறவை. கி.மு. 167க்குப் பிறகு இத்தாலியில் இருந்த ரோமானியக் குடிமகன் நேரடி நிலவரி கட்டவில்லை. ஜெயித்த நாடுகள் கட்டின. வரி வசூலைக் குத்தகைக்கு விட்டார்கள், மேற்பார்வைக்கு ஆளுநரை அனுப்பினார்கள். சிசிலிக்குப் போன வெர்ரஸ் மூன்று ஆண்டு இருந்தார். ஊரை அடித்து உலையில் போட்டார். கோயில் சிலைகளைக்கூட விடவில்லை. அவர் தமது வருமானத்துக்கு ஒரு பட்ஜெட் வைத்திருந்ததாகச் சிசரோ நீதிமன்றத்தில் சொன்னார்: முதல் ஆண்டுக் கொள்ளை தமக்கு, இரண்டாம் ஆண்டுக் கொள்ளை வக்கீல்களுக்கும் வேண்டியவர்களுக்கும், மூன்றாவதும் கொழுத்ததுமான ஆண்டு முழுக்க நீதிபதிகளுக்கு. முறையான நிதி ஒதுக்கீடு. இந்த ஆள் மெஸ்ஸானாவில் காவியஸ் என்ற குடிமகனைச் சிலுவையில் அறைந்தபோது, நான் ரோமானியக் குடிமகன் என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான். சிலுவையை இத்தாலி தெரிகிற மாதிரி நட்டார்கள். தாய்நாட்டைப் பார்த்துக்கொண்டே சாகட்டும் என்று.

வெர்ரஸுக்கு என்ன ஆயிற்று? வழக்கு தொடங்கிய வேகத்தைப் பார்த்து மஸ்ஸீலியாவுக்குக் கிளம்பிப் போய்விட்டார். நாடு கடத்தல் என்றால் கடலோர ஊரில் ஓய்வு வாழ்க்கை.

திருடாதவன் கதையும் உண்டு. ருட்டிலியஸ் ரூஃபஸ் என்று ஒருவர் ஆசிய மாகாணத்தில் வரிக் குத்தகைதாரர்களின் கையைக் கட்டினார். குத்தகைதாரர்கள் குதிரை வகுப்பைச் சேர்ந்தவர்கள். ரோமில் ஊழல் வழக்கு விசாரிக்கிற நடுவர்களும் அதே வகுப்பு. கி.மு. 92இல் ருட்டிலியஸ் மாகாண மக்களைக் கொள்ளையடித்தார் என்று அவர்மேல் வழக்குப் போட்டார்கள். தண்டித்தும் விட்டார்கள். நாடு கடத்தப்பட்ட மனிதர் எங்கே போனார்? தாம் கொள்ளையடித்ததாகச் சொல்லப்பட்ட அதே ஆசிய மாகாணத்துக்கே போனார். அந்த மக்கள் அவரை வரவேற்று வைத்துக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்தார். தீர்ப்பு மேல்முறையீட்டில் எங்கே ரத்தாயிற்று என்று கேட்டால், அங்கேதான்.

ப்ரூட்டஸைத் தெரியாதவர்கள் இல்லை. சர்வாதிகாரியைக் குத்திய உத்தமர், சுதந்திரத்தின் கத்தி. சைப்ரஸ் தீவில் சலாமிஸ் என்ற ஊருக்கு அவர் கடன் கொடுத்திருந்தார். வட்டி ஆண்டுக்கு 48 சதவீதம். மாகாண மக்களுக்கு ரோமில் வைத்துக் கடன் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. பரவாயில்லை, இந்த ஒரு கடனுக்கு மட்டும் விலக்கு என்று செனட்டில் தீர்மானம் போட வைத்தார். அப்போதும் பத்திரத்தில் பெயர் அவருடையதல்ல. ஸ்காப்டியஸ் என்ற பினாமி. பணம் வரத் தாமதமானதும் ஸ்காப்டியஸ் அன்றைய ஆளுநரிடம் குதிரைப்படையை இரவல் வாங்கினான். அந்த ஆளுநர் ப்ரூட்டஸின் மாமனார். சலாமிஸ் ஊர்ச் சபை கூடியிருந்த மண்டபத்தைக் குதிரைகள் சூழ்ந்துகொண்டன. சோறு உள்ளே போகவில்லை. தண்டல்காரன் வெளியே, ஊர்ப் பெரியவர்கள் உள்ளே. ஐந்து பேர் பசியால் செத்தார்கள். சபை உறுப்பினர்கள், அடிமைகளல்ல.

அடுத்த ஆளுநராகச் சிசரோ வந்தார். நல்லவர். குதிரைப்படையைத் திருப்பி அனுப்பினார். தம் ஆணைப்படி வட்டி 12 சதவீதம்தான் என்றார். அந்தக் கணக்கில் 106 டேலண்ட் வந்தது. ஸ்காப்டியஸ் கிட்டத்தட்ட 200 கேட்டான். சலாமிஸ்காரர்கள் 106ஐக் கையில் வைத்துக்கொண்டு, இந்தாருங்கள், வாங்கிக்கொள்ளுங்கள், வட்டி ஓடுவதாவது நிற்கட்டும் என்றார்கள். கடனுக்குப் பின்னால் இருப்பவர் ப்ரூட்டஸ் என்று அதற்குள் சிசரோவுக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்தார்? வாய்தா போட்டார். தீர்ப்பை அடுத்த ஆளுநருக்கு விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். கெட்டவன் ஐந்து பேரைக் கொன்றான், நல்லவர் கோப்பை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். எனக்கு முதலாமவனைவிட இரண்டாமவர் மேல்தான் கோபம் அதிகம்.

இந்தப் பணமெல்லாம் எதற்கு? தேர்தலுக்கு. பணப் பட்டுவாடாவுக்கு ரோமில் முறையான ஏற்பாடு இருந்தது. ஓட்டுக்குப் பணம் பிரித்துக் கொடுப்பதற்கென்று ஆட்கள், பணத்தை முன்கூட்டி வாங்கிப் பத்திரமாக வைத்திருக்க நடுவாள்கள், இருவருக்கும் லத்தீனில் தனித்தனிப் பெயர். கி.மு. 54இல் கான்சல் தேர்தலுக்கு வேட்பாளர்கள் கடன் வாங்கிக் குவித்ததில் ரோம் நகரத்தின் வட்டி விகிதமே 4 சதவீதத்திலிருந்து 8க்கு எகிறியது. ஓட்டுக்காரனுக்குக் கொடுத்த காசில் கடைக்காரன் வாங்கும் கடன் விலை ஏறியது. லஞ்சத் தடைச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. சிசரோ கொண்டுவந்ததில் பத்தாண்டு நாடு கடத்தல்.

சின்ன கேட்டோ, ஒழுக்கக் கேட்டோவின் கொள்ளுப்பேரன், அவரும் பெரிய ஒழுக்கசாலி. சீசருடன் இன்னொரு கான்சலாகத் தங்கள் ஆள் பிபுலஸ் வந்தாக வேண்டும் என்று மேல்தட்டார் வசூல் நடத்திப் பணம் கொட்டியபோது, இந்த லஞ்சம் நாட்டு நன்மைக்கு என்று கேட்டோவே ஒப்புக்கொண்டதாக வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் சொல்கிறார். பிபுலஸ் ஜெயித்தார். ஜெயித்து? ஆண்டின் பெரும்பகுதி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வானத்தில் சகுனம் பார்த்தார். சகுனம் சரியில்லை, ஆகவே சீசர் போடும் சட்டம் செல்லாது என்று உள்ளே இருந்தபடியே அறிக்கை விட்டார். நாட்டு நன்மைக்கு வாங்கிய கான்சல் இதுதான்.

ரோமின் பெருங்கோடீஸ்வரர் கிராஸஸ். அந்த ஊரில் அன்று தீயணைப்புப் படை கிடையாது. அடுக்குமாடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன, அடிக்கடி பற்றிக்கொண்டன. வீடு எரியும்போது கிராஸஸின் ஆள் வந்து விலை பேசுவான். எரிகிற வீட்டுக்கும் ஒரு விலை, பற்றிக்கொள்ளப்போகிற பக்கத்து வீட்டுக்கும் ஒரு விலை. நிமிஷத்துக்கு நிமிஷம் விலை இறங்கும். கைக்குழந்தையோடு தெருவில் நிற்கிறவன் என்ன பேரம் பேசுவான்? விற்றான். கிராஸஸிடம் கட்டட வேலை தெரிந்த அடிமைகள் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். மறுபடி கட்டி வாடகைக்கு விட்டார். பிறகு எக்னேஷியஸ் ரூஃபஸ் என்ற ஒருவர் சொந்த ஆட்களை வைத்து ஊரில் தீயணைத்து மக்களிடம் பேர் வாங்கினார். பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் சதிக் குற்றம் சாட்டி அவரைக் கொன்றார்கள்.

நம் சிசரோவும் வீட்டுக்காரர்தான். கி.மு. 44இல் நண்பர் அட்டிகஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். என் கடைகளில் இரண்டு இடிந்து விழுந்துவிட்டன, மற்றவையும் விரிசல் விடுகின்றன, குடியிருந்தவர்கள் மட்டுமல்ல, எலிகள்கூடக் காலி செய்துவிட்டன என்கிறார். மற்றவர்கள் இதைப் பேரிடி என்பார்கள், எனக்கு இது ஒரு தொந்தரவாகக்கூடத் தோன்றவில்லை, எல்லாம் தத்துவம் படித்த பயன் என்று சேர்த்துக்கொள்கிறார். இடிந்ததையே லாபமாக்கத் திட்டம் தயார் என்றும் முடிக்கிறார். எலிகளுக்கு ஒரு வரி ஒதுக்கினார். குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு ஒதுக்கவில்லை.

பிறகு அகஸ்டஸ் வந்தார். கி.மு. 27இல் குடியரசை மீட்டுக் கொடுத்தார். அதாவது, எடுத்துக்கொண்டார். செனட் இருந்தது, கான்சல் இருந்தார், தேர்தல் இருந்தது. அதிகாரம் மட்டும் ஒரு வீட்டில். ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று குடும்பச் சட்டங்கள் போட்டார். கல்யாணம் செய்யாதவனுக்கும் பிள்ளையில்லாதவனுக்கும் உயிலில் வரும் சொத்தில் வெட்டு. கி.பி. 9இல் அதைத் திருத்திய சட்டத்துக்கு அவ்வாண்டுக் கான்சல்கள் இருவர் பெயரைச் சூட்டினார்கள். பாப்பியஸ், பொப்பேயஸ். இரண்டு பேருமே கல்யாணம் ஆகாதவர்கள். இது நான் கட்டிய ஜோக் அல்ல. காஸியஸ் டியோ எழுதிய சரித்திரம்.

செனட்டராக இருக்க 10 லட்சம் செஸ்டர்ஸ் சொத்து வேண்டும் என்றும் அகஸ்டஸ் விதித்தார். ஏழையாகிப்போன கனவான்களுக்கு அவரே நிரப்பினார். பிரபல வக்கீல் ஹோர்டென்ஸியஸின் பேரன் ஹோர்டாலஸ் அப்படி 10 லட்சம் வாங்கினார். தின்று தீர்த்தார். கி.பி. 16இல் நான்கு பையன்களையும் செனட் வாசலில் நிறுத்திவைத்து மறுபடி கேட்டார். பேரரசர் டைபீரியஸ் நன்றாகத் திட்டினார். ஏழைகள் எல்லோரும் வந்து பிள்ளைகளுக்குக் காசு கேட்டால் அரசு என்ன ஆவது என்றார். திட்டிவிட்டுப் பையனுக்கு 2 லட்சம் வீதம் கொடுத்தார்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு பன்னோனியா மாகாணத்தில் படைவீரர்கள் கலகம் செய்திருந்தார்கள். அவர்கள் கேட்டது தினம் ஒரு தெனாரியஸ், அதாவது 16 செப்புக் காசு. அப்போது கிடைத்தது நாளுக்கு 10 செப்புக் காசு. அதிலும் உடைக்குப் பிடித்தம், ஆயுதத்துக்குப் பிடித்தம், கூடாரத்துக்குப் பிடித்தம், அடிக்காமல் இருக்க மேலதிகாரிக்கு மாமூல். கூடுதலாகக் கேட்டது ஆறே காசு. ஹோர்டாலஸின் ஒரு பையன் வாங்கிய தொகை ஒரு படைவீரனின் 220 ஆண்டுச் சம்பளம். கலகத் தலைவன் பெர்சென்னியஸ் கொல்லப்பட்டான். கனவான் கேட்டால் நிவாரணம். வீரன் கேட்டால் கலகம்.

அதே கி.பி. 14இல் தேர்தலையும் திடலிலிருந்து செனட்டுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். மக்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான் என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிடஸ். செனட்டர்களுக்கு ஏக சந்தோஷம். ஓட்டுக்குக் காசு கொடுக்கும் செலவு மிச்சம். மேல்தட்டின் ஊதாரித்தனம் பற்றி அவ்வப்போது விசனப்பட்டார்கள். ஆண்கள் பட்டு உடுத்தக் கூடாது என்று தீர்மானம்கூடப் போட்டார்கள். இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸைக் கறந்துவிடுகிறது என்று பின்னாளில் மூத்த பிளினி புலம்பினார். முசிறியில் மிளகு ஏற்றிய சேரநாட்டுக்காரனுக்கு அதில் புகார் இருந்திருக்காது. ரோமானியத் தங்கம் புதுக்கோட்டைப் பக்கம் வரை வந்து புதைந்து கிடந்திருக்கிறது.

கி.பி. 61. நகர அதிபர் பெடானியஸ் செகுண்டஸை அவர் வீட்டு அடிமை ஒருவன் கொன்றான். விடுதலைக்கு விலை பேசி முடித்துவிட்டு அதிபர் பேச்சு மாறினார் என்று ஒரு காரணம் சொன்னார்கள். பழைய வழக்கப்படி, எஜமான் வீட்டில் கொல்லப்பட்டால் அந்தக் கூரைக்கடியில் இருந்த அடிமைகள் எல்லோருக்கும் மரணம். எண்ணிப் பார்த்தார்கள். 400 பேர். சமையல்காரி உண்டு, கதவு காப்பவன் உண்டு, குழந்தைகள் உண்டு.

ஊர் திரண்டது. அதுதான் இந்தக் கதையில் ஒரே ஆறுதல். செனட்டுக்குள் சட்ட மேதை காஸியஸ் லோஞ்சினஸ் எழுந்தார். அப்பாவிகளும் சாவார்கள் என்பதை அவர் மறுக்கவில்லை. பெரிய முன்னுதாரணம் எதிலும் கொஞ்சம் அநியாயம் இருக்கத்தான் செய்யும், தனியாட்களுக்கு வரும் நஷ்டத்தைப் பொதுநலன் ஈடுகட்டிவிடும் என்று வாதித்தார். பெண்கள் இருக்கிறார்களே, பிள்ளைகள் இருக்கிறார்களே, பெரும்பாலோர் குற்றமற்றவர்களே என்று அங்கங்கே குரல்கள் எழுந்தன. எழுந்து நின்று எதிர்த்துப் பேச ஒருவருக்கும் துணிவில்லை. தீர்மானம் நிறைவேறியது. வெளியே ஜனம் கல்லும் தீப்பந்தமுமாக மறித்தது. பேரரசர் நீரோ ஜனத்தைக் கண்டித்து அறிக்கை விட்டார். வழிநெடுகப் படைவீரர்களை நிறுத்தி, அந்த வரிசைக்கு நடுவே 400 பேரையும் கொண்டுபோனார்கள்.

அப்போது நீரோவின் ஆலோசகர் செனெகா. அடிமைகளும் மனிதர்களே என்று பின்னாளில் உருக்கமாக எழுதியவர். எளிமையைப் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதியவர். நான்கே ஆண்டு அரச சிநேகத்தில் 30 கோடி செஸ்டர்ஸ் சேர்த்தது எந்தத் தத்துவத்தால் என்று சுயில்லியஸ் என்பவர் பொதுவில் கேட்டார். கேட்டவரை நாடு கடத்தினார்கள். 400 பேர் விவகாரத்தைப் பற்றி டாசிடஸ் எழுதிய பக்கங்களில் செனெகாவின் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை.

இதற்குப் பிறகு நாணத்தையும் விட்டுவிட்டார்கள். இரண்டாம் நூற்றாண்டில் நீதிமன்றமே குடிமக்களை மேலோர், கீழோர் என்று பிரித்துத் தண்டித்தது. ஒரே குற்றத்துக்கு மேலோனுக்கு நாடு கடத்தல். கீழோனுக்குச் சுரங்கம், சிலுவை, அல்லது மைதானத்தில் மிருகத்துக்கு இரை. கி.பி. 193இல் பேரரசர் பெர்டினாக்ஸைக் காவல்படையே கொன்றுவிட்டுச் சிம்மாசனத்தை ஏலம் விட்டது. உள்ளே இருந்து கேட்டவர் செத்தவரின் மாமனார் சுல்பிசியானஸ். வெளியே மதிலோரம் நின்று கேட்டவர் டிடியஸ் ஜூலியானஸ். வீரனுக்கு 20,000 செஸ்டர்ஸ் என்றார் மாமனார். 25,000 என்றார் ஜூலியானஸ், ஒரேயடியாக 5,000 ஏற்றி. ஏலம் முடிந்தது. அன்று மாலையே செனட் கூடி அவரைப் பேரரசர் என்று ஏற்றுக்கொண்டது. 66 நாள் கழித்துப் போட்டியாளர் செவரஸின் படை நெருங்கியதும் அதே செனட் கூடி அவருக்கு மரண தண்டனை விதித்தது.

கி.பி. 212இல் பேரரசர் காரகல்லா பேரரசில் உள்ள சுதந்திர மனிதர் அனைவருக்கும் ஒரே ஆணையில் ரோமானியக் குடியுரிமை கொடுத்தார். காவியஸ் சிலுவையில் கத்திய அந்தச் சொல் இப்போது எல்லோருக்கும் சொந்தம். ஓட்டு போய் இருநூறு ஆண்டு ஆகியிருந்தது. சாட்டையிலிருந்தும் சிலுவையிலிருந்தும் காப்பாற்றும் தகுதி மேலோருக்கு என்று ஒதுங்கியிருந்தது. குடிமகன் மட்டுமே கட்ட வேண்டிய ஒன்று மிச்சமிருந்தது: பரம்பரைச் சொத்து வரி. அதை 5 சதவீதத்திலிருந்து 10 ஆக்கியவரும் இதே காரகல்லாதான். குடியுரிமை கொடுத்ததே அந்த வசூலுக்காக என்று அக்காலத்துச் செனட்டர் காஸியஸ் டியோ எழுதி வைத்திருக்கிறார்.